பிரசவ அறையில் மருந்துச் சரிபார்ப்பு: உங்கள் நடைமுறையைப் பகிர வேண்டுகிறேன்

செவிலியர் சகோதரிகளுக்கு வணக்கம். திருவாரூர் மாவட்டத்துக் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் பிரசவ அறையில் பணிபுரிகிறேன். சென்ற வாரம் இரவுப் பணியில், குழந்தை பிறந்தவுடன் இரத்தப்போக்கைத் தடுக்கத் தாய்க்குப் போட வேண்டிய 10 யூனிட் ஆக்சிடோசினுக்குப் பதிலாக, அதே தட்டில் இருந்த, கருப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான மெத்தர்ஜினைக் கையில் எடுத்துவிட்டேன். இரத்த அழுத்தம் உயர்ந்திருந்த அந்தத் தாய்க்கு அது போடக்கூடாத மருந்து. சிரிஞ்சில் ஏற்றுமுன் பெயரை வாய்விட்டுப் படித்ததால்தான் தவறு தடுக்கப்பட்டது. அன்றிலிருந்து எனக்குச் சரியான உறக்கமில்லை.

விதிகள் நாம் அறியாதவை அல்ல. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட்டின் அடுத்த தவணைக்கு முன் மூச்சு எண்ணிக்கை, முழங்கால் அனிச்சை, சிறுநீர் அளவு ஆகிய மூன்றையும் பார்க்கிறேன். அது உடலில் மிகுந்துவிட்டால் முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். ஆனால், ஆபத்து மிகுந்த மருந்துகளை இருவர் சரிபார்க்க வேண்டும் என்னும்போது, ஒரே செவிலியர் இரண்டு தாய்மார்களைக் கவனிக்கும் இரவில் அந்த இரண்டாவது ஆள் யார்?

தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் இவ்வாறு தனியாகப் பணியாற்றுவோர் இதற்கு என்ன வழி செய்திருக்கிறீர்கள், மருந்துத் தட்டை எப்படிப் பிரித்து அடுக்குகிறீர்கள், மின்வெட்டின்போது ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் எவ்வாறு காக்கிறீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிய சரிபார்ப்புப் பட்டியல் இருந்தால் அதன் படத்தையும் அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.