புதுப்பிப்பு: போட்டோகிராபி தொழிலில் எனக்கு எது வெற்றி?

ஆர்டர்கள் நிறைய வந்தும் ஜெயித்த மாதிரி தோன்றவில்லை, வெற்றியை எதை வைத்து அளப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கையில் நிற்கும் பணத்தைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். பார்த்தேன். ஒவ்வொரு வேலையின் வருமானத்திலிருந்தும் உதவியாளர் சம்பளம், ஆல்பம் அச்சு, கேமரா, லென்ஸ் தேய்மானம் எல்லாவற்றையும் கழித்தேன். அப்புறம் மீதியை மணிக்கணக்கால் வகுத்தேன். படமெடுத்த நேரம் மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான ரா ஃபைல்களில் (கேமராவிலிருந்து வரும் திருத்தாத மூலப் படங்களில்) கண் மூடியவை, ஃபோகஸ் தப்பியவை என்று ஒதுக்கும் நேரம், நிறம் திருத்தும் நேரம், "இந்தப் படத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டுங்களேன்" என்று வாடிக்கையாளர் கேட்பதற்கு மறுமொழி எழுதும் நேரம், எல்லாம்தான். பெரிய நிகழ்ச்சிகளைவிடச் சின்னக் குடும்பப் படப்பிடிப்புகளே மணிக்கு அதிகம் தந்தன. நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஃபாலோயர் எண்ணிக்கையை அளவுகோலிலிருந்து எடுத்துவிட்டேன். யார் திரும்பி வருகிறார்கள் என்பதைத்தான் இப்போது கவனிக்கிறேன். கல்யாணத்துக்கு நான் படமெடுத்த பெண் ஒருவர், போன வாரம் தன் பாட்டியை அழைத்து வந்தார். "பாட்டியின் கைகளை மட்டும் தனியாக எடுத்துக் கொடுங்கள்" என்றார். நரம்போடிய அந்தக் கைகளுக்கு ஜன்னல் வெளிச்சமே போதுமாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த வேலைதான் வெற்றி. இதற்கு இடம்விடும்படி பெரிய நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொண்டேன்.

சரி, இப்போது விலைப்பட்டியலை மாற்றி எழுதுகிறேன். பழைய வாடிக்கையாளர்களிடம் கட்டண உயர்வை எப்படிச் சொன்னீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.