80 சதவீதம் எப்போது கைக்கு வரும்? காசுப் பாய்ச்சல் சமப்படவில்லை

திருமலை மாணவி:
பொது நிதிப் பாடத்துக்கு அமெரிக்க மாநிலமொன்றின் நெடுஞ்சாலைத் திட்டத்தைக் காசுப் பாய்ச்சல் அட்டவணையாக, அதாவது எந்த மாதம் எவ்வளவு காசு வருகிறது, போகிறது என்று, போடச் சொல்லியிருக்கிறார்கள். செலவு 1 கோடி டொலர், சமஷ்டி அரசின் பங்கு 80 சதவீதம். அனுமதி கிடைத்த மாதமே 80 இலட்சம் வரவு வர வேண்டும்தானே? விடையில் பூச்சியம் என்று இருக்கிறது. நாளை வகுப்பு, யாராவது சொல்லுங்கள்.

கணக்குப் பிரிவுக்காரன்:
தங்கச்சி, அனுமதி என்பது காசு இல்லை. இவ்வளவுக்குப் பொறுப்பு என்று சமஷ்டி நெடுஞ்சாலை நிர்வாகம் கொடுக்கும் உறுதி மட்டும்தான். ஒப்பந்தக்காரர் ஒரு மாதம் 10 இலட்சத்துக்குப் பில் போட்டால், மாநிலம் முழுவதையும் கட்டிவிட்டு 8 இலட்சத்தைத் திருப்பிக் கேட்கும். வரவு அந்த 8 இலட்சம்தான். சமஷ்டிப் பங்கு பெரும்பாலும் 80 சதவீதம், மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் வீதிகளுக்கு 90.

இங்கே இலங்கையிலும் வரவுசெலவுத் திட்டத்தில் மீளளிக்கத்தக்க வெளிநாட்டு உதவி என்று ஒரு வகை உண்டே, திறைசேரி முதலில் செலவழித்துப் பிறகு கடன் கொடுத்தவரிடம் வாங்கும். அதே மாதிரிதான். மாகாண சபைக்குக் கொழும்பிலிருந்து வரும் தொகுதிக் கொடையோடு மட்டும் இதைக் குழப்பாதீர்கள், அது செலவழித்துவிட்டுத் திருப்பிக் கேட்கும் காசு இல்லை.

மாணவி:
நன்றி அண்ணா. அப்போ அந்த முதல் காசு எங்கிருந்து வருகிறது?

உப்புவெளி வாசகர்:
மாநிலத்தின் எரிபொருள் வரி, வாகனப் பதிவுக் கட்டணம், கடன் பத்திரம். பெரிய வேலை என்றால், இனி வரப்போகும் சமஷ்டிக் காசைக் காட்டியே பத்திரம் விற்பார்கள். அதற்குக் 'கார்வி' என்று பெயர். 'முன்கூட்டிய கட்டுமானம்' என்றும் ஒரு வழி இருக்கிறது: அனுமதி பெற்று, சொந்தக் காசில் தொடங்கி, ஒதுக்கீடு வரும்போது சமஷ்டிக் கணக்குக்கு மாற்றலாம். அனுமதிக்கு முன் செலவழித்தது பொதுவாகத் திரும்பாது. பரீட்சையில் கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் மடக்குவார்கள்.

மாணவி:
கேட்ட காசுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா?

கணக்குப் பிரிவுக்காரன்:
இல்லை. கோரிக்கை கணினி வழியே போவதால் பொதுவாகச் சில நாட்களில் வந்துவிடும். 1990ஆம் ஆண்டின் காசு முகாமைச் சட்டப்படி வட்டியும் உண்டு, இரண்டு பக்கத்துக்கும்: சமஷ்டி அரசு தாமதித்தால் அது கட்டும், மாநிலம் தேவைக்கு முன்பே காசை எடுத்து வைத்திருந்தால் மாநிலம் கட்டும். வரவையும் செலவையும் ஒரே மாதத்தில் போடலாம், ஆனால் செலவு முன்னால் வரட்டும்.

மாணவி:
சரி அண்ணா. மிச்ச 20 சதவீதத்துக்கு யாராவது காணி நன்கொடை கொடுத்தால்?

உப்புவெளி வாசகர்:
அதன் பெறுமதியை மாநிலத்தின் பங்காகச் சேர்க்கலாம். காசுப் பாய்ச்சலில் மட்டும் காட்டாதீர்கள், காசு கை மாறவில்லையே.