பொருள்: திருப்பணி வரியும் எங்கள் சின்ன ஐயாவின் மரண அறிவிப்பும்

செயலாளர் அண்ணன் அவர்களுக்கும் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் அனைவருக்கும் வணக்கம்.

சிவன் கோயில் திருப்பணிக்குப் புள்ளி வரி, அதாவது மணமான ஒவ்வொரு ஜோடியையும் ஒரு புள்ளியாக வைத்துப் போடும் வரி, கேட்டு எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் மூன்று புள்ளி. மூன்றுக்கும் இந்த வாரமே பணம் வந்துவிடும். ஆனால் உங்கள் கடிதத்துக்குக் கீழே மேலவீதி அண்ணன், ஆச்சிமார் பணத்தை மலாயாவில் தொலைத்தவர் வீட்டாருக்குக் கல்வெட்டில் பேர் எதற்கு என்று கேட்டிருக்கிறார். அவர் சொல்வது, மலாயாவில் வட்டிக்கடை வைத்திருந்த எங்கள் சின்ன ஐயாவைத்தான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிய என் மகள், சின்ன ஐயாவின் மரண அறிவிப்பைக் கண்டெடுத்தாள். படத்தை இணைத்திருக்கிறேன். இரண்டு விரற்கடை உயரம்தான். மை கலங்கி ஓரிரு எழுத்துகள் அழிந்திருக்கின்றன. ஆனாலும் விலாசம் (கடைக்கும் குடும்பத்துக்கும் உரிய முதலெழுத்துகள்) தெளிவாக இருக்கிறது, ஊர் இருக்கிறது, நம் குலத்தைக் காட்டும் கோயில் பிரிவு இருக்கிறது. மார்க்கெட் தெருவில், நம்மவர்கள் கடை வைத்துத் தங்கியிருந்த கிட்டங்கியில் சிவபதவி அடைந்தாராம். வட்டிக்காகக் கடையில் தவணைப் பணம் போட்டிருந்த அத்தனை பேருக்கும் பைசல் செய்துவிட்டே கண்மூடினார் என்று உடனிருந்த கடைக்காரர்கள் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பணம் எப்படிப் போனது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் ஊருக்கும் கடைக்கும் கடிதப் போக்குவரத்து அற்றுப்போனது. கடன் வாங்கியிருந்தவர்கள் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டைக் கொண்டுவந்து கொட்டிப் பழைய கடனை அடைத்தார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்ல அன்று யாருக்குத் துணிவு இருந்தது? 1945-இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. கடை கவிழ்ந்தது. சின்ன ஐயா ஊருக்குத் திரும்பவில்லை. இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். ஊர் அதைத்தான் ஓடி ஒளிந்தார் என்று பேசியது.

சின்ன ஆச்சிக்குத் தந்தி வந்த அன்று கேதம் கேட்க, பங்காளிகள் கூடி வாழ்ந்த எங்கள் வளவிலேயே பாதிப் பேர் வரவில்லை. என் ஆத்தா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் சின்ன ஆச்சி, உயர்ந்த கூடமான பட்டாலையில் ஏறவில்லை. இரண்டாங்கட்டுத் தூணோரம் உட்கார்ந்து, கொடுத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிடுவார்கள். அந்த ஊமை வைராக்கியம் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வராது.

மேலவீதி அண்ணே, நீங்கள் கணக்கில் கெட்டி; அது எல்லாருக்கும் தெரியும். உங்கள் ஐயா காலத்துப் பேரேடுகள் மேல்மாடிப் பெட்டியில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன என்று நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். யுத்தம் முடிந்தபிறகான வரவுப் பக்கங்களைத் திறந்து பாருங்கள் அண்ணே. எங்கள் விலாசத்தில் வரவு இல்லையென்றால் நான் கல்வெட்டுப் பேச்சை விட்டுவிடுகிறேன். இருந்தால், சின்ன ஐயா பேரை முழு விலாசத்தோடு வெட்ட வேண்டும். பக்கத்தில் சின்ன ஆச்சி பேரும் வேண்டும்.

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறேன். ஏட்டை எடுத்துவையுங்கள். உங்கள் வீட்டு முகப்பிலேயே, நாலு பேரை வைத்துக்கொண்டு பார்த்துவிடலாம்.