புதுப்பிப்பு: சிறுகதையை நாடகமாக்கும் போட்டி, கதாசிரியரின் நக்கலை என்ன செய்தேன்

பாளையங்கோட்டை நாடகக் குழு ஒன்று உள்ளூர் எழுத்தாளர்களுக்கு வைத்த போட்டிக்காக, புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை (சென்னைக்கு வரும் கடவுள் பிள்ளை வீட்டு விருந்தாளியாகும் கதை) அரை மணி நேர நாடகமாக்குவது பற்றிப் போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். உரிமை வாங்க வேண்டுமா, வர்ணனையில் கதாசிரியர் அடிக்கும் நக்கலை மேடையில் யார் பேசுவது என்பவை கேள்விகள். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மூன்றாம் இடம் கிடைத்தது.

உரிமை விஷயம் லேசாக முடிந்தது. புதுமைப்பித்தன் 1948இல் காலமானார். 2002இல் தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமையாக்கிவிட்டது, அதனால் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் அதை எழுதினேன், யாரும் எதுவும் கேட்கவில்லை.

நக்கலுக்குக் கைகொடுத்தது, ‘வில்லுப்பாட்டுக்காரர்ட்ட விட்டுருங்க’ என்று ஒரு அண்ணாச்சி சொன்ன யோசனை. முதலில் பின்னணிக் குரல்தான் வைத்துப் பார்த்தேன். ரேடியோ நாடகம் மாதிரி இருந்தது. பிறகு வில்லுப்பாட்டுக்கு மாறினேன். கடவுள் காபியை உறிஞ்சும் இடத்தில் வில்லுப்பாட்டுக் குடத்தில் ஒரே தட்டு, பின்பாட்டுக்காரர் இழுத்து ஒரு ‘ஆமா...’ போட்டார். அரைப் பக்க வர்ணனை அதில் அடங்கிவிட்டது. காபியில் சிக்கரி கலந்ததைப் பற்றி அடுத்து வரும் வசனத்துக்கு முன்பே கூட்டம் சிரித்துவிட்டது.

கதை நடக்கும் இடத்தைத் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு மாற்றச் சொன்னவர்களுக்கு: மாற்றவில்லை, சென்னைதான். ஆனால் கந்தசாமிப் பிள்ளைவாள் தென்காசிப் பக்கத்து மேலகரத்துக்காரர் ஆயிற்றே, அவர் வாயில் நம்மூர் நெல்லைப் பேச்சைத் தாராளமாகப் போட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: வில் நேரத்தைத் தின்னும். முதல் ஒத்திகை 41 நிமிடம் ஓடியது. ரிக்‌ஷா காட்சியை மனசில்லாமல் வெட்டினேன், முடிவையும் சுருக்கினேன். ‘முடிவில் அவசரம்’ என்று நடுவர் குறித்திருந்தார். சரிதான். வில் வைப்பவர்கள் பக்கக் கணக்கை நம்பாமல் பாடிப் பார்த்து நேரம் எடுங்கள்.