வாடகை வீட்டு ஹாலை இதமாக்க யோசனை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஹால் 10க்கு 14 அடி. அடுத்த மாதம் ஊரிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடு தங்க வருகிறார். திண்ணையும் முற்றமுமாக வாழ்ந்தவர். போன முறை வந்தபோது ஹாலில் உட்காரவே இல்லை. பால்கனி வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே இருந்தார். அது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஹாலில் ஒரு சோபா, டிவி, வெள்ளை டைல்ஸ், ஒரே ஒரு டியூப்லைட். பெட்டியில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை) என்று போட்டிருந்தது. ராத்திரி அதைப் போட்டால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது. அதனால் மூலையில் 2700 கெல்வின் மஞ்சள் பல்போடு ஒரு ஸ்டாண்டு விளக்கு வைக்க நினைக்கிறேன். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் பேப்பர் படிக்க முடியுமா?

தரைக்கு பவானி ஜமக்காளமா, பத்தமடைப் பாயா? எனக்கு ஜமக்காளத்தின் அந்தச் சிவப்பு, பச்சைப் பட்டைகள்தான் ஆசை. ஆனால் டைல்ஸில் வழுக்கிவிடுமோ என்று பயம். அடியில் ரப்பர் வலை விரித்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கையில் 8000 ரூபாய் இருக்கிறது.

அப்புறம், சோபாவை டிவி பக்கமிருந்து பால்கனி பக்கமாகத் திருப்பிப் போடலாமா? அப்படிப் போட்டவர்கள் ஒரு படம் போட்டால் ரொம்ப உதவியாக இருக்கும்.