எலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து மனிதருடைய பாரிசவாதத்தைப் படிக்க முடியுமா?

கொட்டகலை மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் பேராதனையில் விலங்கியல் மூன்றாம் வருடம், ஊர் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டம். போன வருடம் அப்பாயிக்குப் பாரிசவாதம் வந்தது. விடியக்காலை எழும்பும்போதே வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. ஒருவழியாக வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டொக்டர் கேட்டார், யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நேரம் தெரியாமல் இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட முடியாது என்றார்கள்.

அதிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பு வந்துவிட்டது. விலங்குகளில் பாரிசவாதத்தை உண்டாக்கி எம்.ஆர்.ஐ.யில் பார்க்கும் ஆய்வுகளைப் பற்றி இறுதி வருட ஆய்வுக் கட்டுரை எழுத நினைக்கிறேன். ஆனால் சில கேள்விகள் உறுத்துகின்றன. எப்படியும் கடைசியில் எலியைக் கொன்று மூளையை வெட்டித்தான் பார்க்கிறார்கள், பிறகு இவ்வளவு விலையான ஸ்கேன் எதற்கு? எலியின் மூளையில் கண்டதை நம் ஆட்களுக்குப் பொருத்தலாமா? இங்கே இருந்துகொண்டு இதில் ஏதாவது செய்ய முடியுமா?

பன்வில மிருக வைத்தியர்

தங்கச்சி, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வெட்டிப் பார்க்கும்போது ஒரு எலியிடமிருந்து ஒரே ஒரு நேரத்துக்கான பதில்தான் கிடைக்கும். மூளையைச் சீவி டிடிசி சாயத்தில் போட்டால் உயிருள்ள திசு சிவக்கும், செத்த இடம் வெள்ளையாகவே நிற்கும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில், ஒரு நாளில், ஒரு வாரத்தில் என்ன ஆகிறது என்று பார்க்க ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு கூட்டம் எலிகள் சாக வேண்டும். ஒவ்வொரு எலிக்கும் மூளை இரத்தக்குழாய் அமைப்பு கொஞ்சம் வித்தியாசம் என்பதால், கிடைக்கிற எண்களும் சிதறிப் போகும்.

ஸ்கேனில் அதே எலியையே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். நேற்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிடும்போது, அந்த எலிக்கு அதுவே அளவுகோல். ரஸ்ஸலும் பேர்ச்சும் 1959இல் விலங்குகளுக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்று மூன்று கொள்கைகளை எழுதி வைத்தார்கள். இரண்டாவது கொள்கைக்கு இந்த முறை நேரடியாக உதவுகிறது, எனக்கு இது சின்ன விஷயமாகவே தெரியவில்லை. இன்னொன்று, வெட்டிப் பார்க்கிற வேலை இதனால் இல்லாமல் போகாது. படத்தில் தெரிவது தண்ணீரின் நடத்தை, திசு உண்மையில் செத்ததா என்பதை நுண்ணோக்கிதான் உறுதிசெய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்கிற ஆய்வை நம்பு.

பதுளை ரேடியோகிராபர்

தங்கச்சி கேட்ட நேரப் பிரச்சினைக்கும் விலங்கு ஸ்கேனுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, இதைக் கட்டாயம் கட்டுரையில் எழுதுங்கள். 1990இல் கலிபோர்னியாவில் மோஸ்லியும் கூட்டாளிகளும் பூனைகளின் மூளை நாளத்தை அடைத்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டி2 என்ற வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் முதல் 2, 3 மணி நேரத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று பார்க்கிற டிஃபியூஷன் படத்தில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. இரத்தம் நின்றால் செல்லுக்குச் சக்தி இல்லை, சோடியத்தை வெளியே தள்ளுகிற பம்ப் நின்றுவிடும், தண்ணீர் உள்ளே புகுந்து செல் வீங்கும், வெளியே தண்ணீர் நகர இடம் சுருங்கிவிடும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இன்றைக்கு நாங்கள் நோயாளியை மெஷினுக்குள் அனுப்பி முதலில் எடுப்பது அந்த டிஃபியூஷன் படம்தான்.

அதற்கு மேலேயும் போனார்கள். டிஃபியூஷன் சீக்கிரம் மாறும், ஃபிளேயர் என்ற இன்னொரு படம் பிந்தித்தான் மாறும். முதலாவதில் வெள்ளை தெரிந்து இரண்டாவது இன்னும் சாதாரணமாக இருந்தால், அநேகமாக நாலரை மணி நேரத்துக்குள் வந்த பாதிப்பு என்று கொள்ளலாம். நித்திரையில் பாரிசவாதம் வந்து நேரம் தெரியாதவர்களை இப்படிப் படத்தை வைத்துத் தெரிவுசெய்து, கட்டி கரைக்கும் அல்டிப்ளேஸ் கொடுத்த வேக்-அப் என்ற சோதனையின் முடிவு 2018இல் வந்தது. மருந்து பெற்றவர்களில் அதிகம் பேர் நன்றாகத் தேறினார்கள், மூளைக்குள் இரத்தக் கசிவு ஆபத்தும் கூடவே இருந்தது. படம் இருந்தால் போதாது, அந்த நேரத்தில் மெஷின் காலியாக இருக்க வேண்டும், படம் வாசிக்க ஆள் இருக்க வேண்டும், அதற்கு முன்னால் நோயாளி மலையிலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும். எங்கள் பகுதியில் தோற்றுப்போவது பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்தில்தான், எனக்கு அதில் ரொம்ப வேதனை.

லிந்துலை, இப்போது ஜேர்மனி

நான் 9.4 டெஸ்லா மெஷினில் எலி மூளை எடுக்கிறேன், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தை அளக்கும் அலகு, ஆஸ்பத்திரி மெஷின் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. சுண்டெலியின் மூளை அரை கிராம்கூட இல்லை, அதில் நுணுக்கம் தெரிய வேண்டுமென்றால் படத்தின் ஒவ்வொரு கட்டமும் மனிதருக்கு எடுப்பதைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் சிக்னல் எட்டில் ஒன்றாகும், அதை வெறும் நேரத்தால் ஈடுகட்ட 64 மடங்கு நேரம் வேண்டும். அதனால்தான் பலமான காந்தம், சிக்னலைப் பிடிக்கத் தலையை ஒட்டி வைக்கிற சின்னக் கம்பிச்சுருள் (கொயில்).

இந்த ஆய்வுகளின் நம்பகத்தன்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெரும்பாலும் அது கெட்டுப்போவது மெஷினில் இல்லை, விலங்கைப் பராமரிப்பதில். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து கொடுத்தால் சுண்டெலி மிக வேகமாகக் குளிர்ந்துவிடும். மூளை குளிர்ந்தாலே பாரிசவாதச் சேதம் குறையும். எம்கே-801 என்ற மருந்து ஜெர்பில் என்ற எலி போன்ற சிறு விலங்கின் மூளையைக் காப்பாற்றியது என்று பேசப்பட்டபோது, உண்மையில் காப்பாற்றியது மருந்தால் இறங்கிய உடல் வெப்பம்தான் என்று 1990இல் காட்டினார்கள். ஐசோஃப்ளூரேன் தனியாகவே மூளை நாளங்களை விரிக்கும், கொஞ்சம் பாதுகாப்பும் கொடுக்கும். ஒரு கட்டுரையை எடுத்தால் முடிவைப் படிக்கும் முன் வெப்பம், மூச்சு, மயக்க மருந்தின் அளவு ஆகியவற்றை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மிருக வைத்தியர் சொன்ன, திரும்பத் திரும்பப் பார்ப்பதன் பலனுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை: எலி மூளையின் நடு நாளத்தை நைலோன் நூலால் அடைத்து, சீக்கிரம் நூலை உருவிவிட்டால் டிஃபியூஷன் படத்தில் வெள்ளை மறைந்துவிடும், அப்பாடா என்று நினைத்தால் சில மணி நேரத்தில் அதே இடம் மறுபடி வெள்ளையாகும். வெட்டிப் பார்க்கிறவர் இதை ஒரே எலியில் காணவே முடியாது.

மனிதருக்குப் பொருத்துவதில் கவனம் வேண்டும். எலி மூளையில் மடிப்புகள் இல்லை, வெள்ளைத் திசு நம்மோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆய்வில் பயன்படுத்துவது பெரும்பாலும் இளம், ஆரோக்கியமான எலிகள். நம் அப்பாயிகளுக்கு வயதும் பிரஷரும் சீனியும் சேர்ந்திருக்கும். என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து விலங்குகளில் நன்றாக வேலை செய்து, பெரிய மனிதச் சோதனையில் பயனில்லை என்று 2007இல் முடிவு வந்தது. அதனால் நோய் எப்படி நடக்கிறது என்பதையும் அளக்கும் முறையையும் விலங்கிலிருந்து தைரியமாக எடுக்கலாம், மருந்து வாக்குறுதியை மெதுவாகத்தான் நம்ப வேண்டும்.

கொட்டகலை மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி, பூனை ஆய்விலிருந்து வேக்-அப் வரைக்குமான தொடர்ச்சியையே கட்டுரையின் நடுப்பகுதியாக வைக்கப் போகிறேன். மூன்றாவது கேள்வி மட்டும் பாக்கி. எலி ஸ்கேனர் எனக்குக் கிடைக்க வழியில்லை.

லிந்துலை, இப்போது ஜேர்மனி

ஸ்கேனர் தேவையில்லை தங்கச்சி. ஓப்பன்நியூரோ தளத்தில் எலி, சுண்டெலிப் படத் தொகுப்புகளை இலவசமாக எடுக்கலாம். ஐடிகே-ஸ்னாப் அல்லது 3டி ஸ்லைசர் என்ற மென்பொருளைப் போட்டால் சாதாரண லெப்டொப்பிலேயே பகுதிகளை வரைந்து கன அளவு எடுக்கலாம். ஒரு பகுதியை நீங்களும் ஒரு நண்பியும் தனித்தனியாக, மற்றவர் வரைந்ததைப் பார்க்காமல் வரைந்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடுங்கள். அதுவே ஒரு நல்ல இறுதி வருட வேலை. தொகுப்பைத் தெரிவுசெய்ததும் இங்கேயே போடுங்கள், முதல் படத்தைத் திறக்கும்போது இடம் வலம் மாறித் தெரிகிறதா என்பதை நான் சேர்ந்து பார்க்கிறேன்.