வளர்ந்துவிட்ட அணில்பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: டெல்லி மயூர் விகாரிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கோடை தொடங்கும் முன் வழக்கமாகச் செய்வதுபோல், குளிர்காலம் முழுவதும் பால்கனியில் மூடிக் கிடந்த, ஈர மரநார் வழியே காற்றை இழுத்துக் குளிர்விக்கும் கூலரைக் கழுவுவதற்காக அதன் பக்கத் தட்டியைக் கழற்றினேன். உள்ளே மோட்டாருக்கு மேல், பழைய மரநாரும் எங்கள் வீட்டு மிதியடியிலிருந்து பிய்த்த நூலுமாகப் பந்துபோல் ஏதோ இருந்தது. அது கூடு என்று எனக்குப் புரிவதற்குள் கையோடு வந்து தரையில் விழுந்துவிட்டது. அதிலிருந்து கண் திறவாத மூன்று அணில் குட்டிகள் சிதறின. தாய் அணில் எதிர்ச் சுவரில் நின்று வாலை உதறி உதறி விடாமல் கத்தியது. மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் சேர்த்துக்கொள்ளாது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவள் நான். எனவே குட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவந்து, தண்ணீர் கலந்த பசும்பாலைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலைக்குள் இரண்டு இறந்துவிட்டன.

மூன்றாவது பிழைத்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இரவில் அலாரம் வைத்து எழுந்து எழுந்து பாலூட்டிப் பிழைக்க வைத்தாள். இப்போது மே மாதக் கடைசி. அணில் என் கணவரின் பழைய குரங்குக் குல்லாயில் தூங்குகிறது. மகளின் பின்னலைப் பிடித்துத் தோளில் ஏறுகிறது. சப்பாத்தி, பிஸ்கட், வேர்க்கடலை எல்லாம் தின்கிறது. ஆனால் இரண்டு வாரமாக மகளைத் தவிர யார் கை நீட்டினாலும் கடிக்கிறது. கைப்பேசி சார்ஜரின் ஒயரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் மகள். கும்பகோணத்தில் இருக்கும் என் மாமனார், கோடை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவாருங்கள், நம் மாந்தோப்பில் விட்டுவிடலாம் என்கிறார். எதிர் வீட்டுக்காரர் இது சட்டப்படி குற்றம் என்கிறார். நான் என்ன செய்வது சரி? கடித்த இடத்துக்கு வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ரோகிணி பகுதியிலிருந்து, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அம்மா, முதலில் கடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அணில், எலி, முயல் போன்ற சிறு விலங்குகளிடமிருந்து மனிதருக்கு வெறிநோய் தொற்றுவது மிக மிக அரிது என்பதால், அவற்றின் கடிக்குப் பொதுவாக அந்தத் தடுப்பூசி தேவைப்படுவதில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொண்டு, ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், முடிவு அவருடையது.

இறந்துபோன இரண்டு குட்டிகளுக்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் சொல்லித் தரப்பட்ட தவறு. கூட்டிலிருந்து விழுந்த குட்டியை அணில் வாயால் கவ்விக்கொண்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். எதிர்ச் சுவரில் நின்று கத்திய அந்தத் தாய் நீங்கள் விலகுவதற்காகத்தான் காத்திருந்திருக்க வேண்டும். பசும்பாலும் அப்படித்தான்: அணிலின் பால் கொழுப்பும் புரதமும் மிகுந்தது, பசும்பாலில் அவை குறைவு, பால் சர்க்கரை அதிகம். குட்டிக்கு வயிறு உப்பிக் கழிச்சல் கண்டால், உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்த உடம்பில் நீர் வற்றிப்போக ஓர் இரவு போதும். உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் கொடுப்பதே ஆபத்து. முதலில் சூடேற்ற வேண்டும். இதை இங்கே எழுதுவது, நாளை வேறொருவர் கூலரைத் திறக்கும்போது உதவட்டும் என்பதற்காக.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் பதில். அன்பு போதாது என்பதல்ல காரணம். நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாக மாறி வந்த விலங்கு. அணில் அப்படி மாறவே இல்லை. உங்கள் மகளின் தோளில் ஏறுவது வீட்டு விலங்கு அல்ல, தாயைத் தேடும் ஒரு காட்டு விலங்கின் குட்டி. குட்டிகள் சில வாரம் வரை பால் குடிக்கும். பிறகு தாயிடமிருந்து விலகித் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக் காக்கத் தொடங்கும். இரண்டு வாரமாக உங்களைக் கடிப்பது அதனால்தான். அதற்குக் கோபமோ நன்றி கெட்ட குணமோ இல்லை, வயது வந்துகொண்டிருக்கிறது. இன்னும் சில மாதங்களில் இனப்பெருக்கப் பருவத்தை எட்டும்போது மகளையும் கடிக்கக்கூடும், அவள் மனம் அன்று எவ்வளவு நோகும் என்று எண்ணிப் பாருங்கள்.

உணவை இன்றே மாற்றுங்கள். சப்பாத்தியும் பிஸ்கட்டும் வேண்டாம். வேர்க்கடலையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். அதையே தின்று, வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே வளரும் அணிலின் உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். முதலில் குதிக்கத் தயங்கும். பிறகு பின்னங்கால்களை இழுத்து நடக்கும். தூக்கினால் வலியில் கத்தும். அந்த நிலையில் என்னிடம் கொண்டுவரப்பட்ட அணில்களை வைத்திருந்தவர்கள் எல்லாருமே அவற்றைக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்தவர்கள்தாம். முன்பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பட்டையும் கொட்டையும் கொறித்துத் தேய்க்காவிட்டால் பல் வளைந்து வாயை மூட முடியாமல் போகும். ஒயரைக் கடிப்பது குறும்பு என்று விட்டுவிடாதீர்கள், மின்சாரம் தாக்கினால் அந்த நொடியே முடிந்துவிடும். பச்சை இலைத் தளிர், வெள்ளரி, பழத் துண்டுகள், ஓட்டோடு கூடிய கொட்டை, வேப்பங்கிளை, காலை வெயில் ஆகியவை இப்போது அதற்கு வேண்டும்.

பதில் 2: ஜனக்புரி

டாக்டர் ஐயா சொன்ன பின்னங்கால்களை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். புயல் அடித்த மறுநாள் வேப்பமரத்தடியில் கிடந்த ஒன்றை எடுத்து வளர்த்து, அது போக விரும்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். உண்மையில் நான் ஜன்னலைத் திறக்கவே இல்லை. முறுமுறுவென்று விரும்பித் தின்கிறதே என்று ரஸ்கும் கடலையும் கொடுத்தேன். ஒருநாள் திரைச்சீலையில் பாதி ஏறிய அணில் அப்படியே நழுவித் தரையில் விழுந்தது. அதன் பிறகு ஏறவே இல்லை. அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் எங்களுக்கு நாய், பூனை மட்டும்தான் தெரியும் என்று திருப்பி அனுப்பினார்கள். சரியான மருத்துவரைத் தேடிப் பிடிப்பதற்குள் நான்கு நாட்கள் கடந்துவிட்டன. எக்ஸ்ரேயில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நிழல்போல் தெரிந்தது.

கடைசி மாதம் முழுவதும் அது ஜன்னல் கம்பி ஓரமாகத் துணி மேல் படுத்திருக்கும். வெளியே வேப்பமரத்தில் மற்ற அணில்கள் கத்தத் தொடங்கினால் தலையை மட்டும் நிமிர்த்திக் கேட்கும். அந்தக் குரலுக்கு அது என்றாவது பதில் கொடுத்ததா என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைவில்லை, நான் கவனித்ததில்லை. உங்கள் அணிலுக்குக் கால் நன்றாக இருக்கிறது, சகோதரி. தயவுசெய்து காலம் தாழ்த்தாதீர்கள்.

பதில் 3: ராமகிருஷ்ணபுரம், வழக்கறிஞர்

எதிர் வீட்டுக்காரர் சொன்னதில் பொருள் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் பொறி வைப்பதும் அடங்கும். அரசின் சொத்தாகக் கருதப்படும் காட்டுயிர் ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உயிர் காக்க எடுத்த குட்டியையும், கூண்டு வாங்கி வைத்து வளர்க்கும் அணிலையும் ஒன்றாகப் பார்க்க மாட்டார்கள் என்றாலும், அந்த வேறுபாடு நாள் ஆக ஆக மங்கிக்கொண்டே போகும். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருக்கும் வீடுகள் டெல்லியில் ஏராளம். அதனால் அது அனுமதிக்கப்பட்டது என்றாகிவிடாது. தில்லி அரசின் வனத்துறைக்கோ, இங்கே மீட்புப் பணி செய்யும் வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் அமைப்புக்கோ இன்றே தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள். அவர்கள் கேட்டால் ஒப்படைப்பதே முறை.

கும்பகோணத்துக்குக் கொண்டுபோகும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். உங்கள் அணிலின் முதுகிலுள்ள கோடுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ராமர் தடவிய மூன்று விரல் என்று பாட்டி சொன்ன கதையோடு டெல்லிக்கு வந்த நாம் பலரும் கவனிப்பதில்லை, இங்குள்ள அணிலுக்கு ஐந்து கோடுகள். நம் ஊரில் பொதுவாகப் பார்க்கும் மூன்று வரி அணில் வேறு இனம், இது வேறு இனம். ஓர் இனத்தை அதற்குரியதல்லாத ஊரில் விடக் கூடாது: இதே ஐந்து வரி அணில்தான் 1898இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர விலங்குக்காட்சி சாலையிலிருந்து வெளியே விடப்பட்டு அங்கே நிலைத்துப் பெருகியது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு கூடைக்குள் அடைபட்டுப் போய், அறிமுகமில்லாத தோப்பில், அறிமுகமில்லாத அணில்கள் நடுவே அதை இறக்கிவிடுவது விடுதலை ஆகாது.

பதில் 4: மயூர் விகார், பகுதி 1

நானும் உங்கள் பக்கத்துக்காரிதான். கையால் வளர்ந்த அணில்களைச் சில ஆண்டுகளாக மரத்துக்குத் திருப்பி அனுப்பி வருகிறேன். மீட்பு அமைப்பினரிடம் பேசி, அவர்கள் உங்களையே செய்யச் சொன்னால் இந்த வழி உதவும்.

திடீரென்று கதவைத் திறந்து விரட்டிவிடக் கூடாது. அதற்கு மரம் தெரியாது, பூனை என்றால் என்னவென்று தெரியாது, வைரி என்னும் வேட்டைப் பறவையின் நிழல் விழுந்தால் உறைந்து நிற்க வேண்டும் என்பது தெரியாது. நல்ல உயரமான கம்பிக் கூண்டு ஒன்றை, தாய் இருந்த அதே பால்கனியில், பாதி நிழல் விழும்படி வைத்து, ஒரு பக்கம் மரப்பெட்டி ஒன்றைக் கூடாகக் கட்டுங்கள். குல்லாயையும் அதற்குள்ளேயே போடுங்கள். இரண்டு வாரம் அது அங்கேயே இருக்கட்டும். மற்ற அணில்கள் கம்பியருகே வந்து முகர்ந்து பார்க்கும், கத்தும். இது முதலில் பெட்டிக்குள் ஓடி ஒளியும், பிறகு ஒருநாள் தானும் கத்தும். அந்த நாள் வரும்வரை திறக்காதீர்கள். இப்போது 45 டிகிரி வரை போகும் வெயில் என்பதால், அகலமான மண்சட்டியில் தண்ணீரும், நண்பகலில் கூண்டின் மேல் ஈரச் சாக்கும் கட்டாயம் வேண்டும்.

இந்த இரண்டு வாரமும் மகள் அதைத் தூக்கவோ கொஞ்சவோ கூடாது. உணவு வைப்பதும் நீங்களாக இருந்தால் நல்லது. அவளிடம் இதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மனிதரைக் கண்டால் ஓடிவரும் அணில் எல்லா மனிதரிடமும் ஓடிவரும். கீழே விளையாடும் பையன்களிடமும், நாய் பிடித்துக்கொண்டு நடப்பவரிடமும்.

பிறகு ஒருநாள் விடிந்ததும் கூண்டுக் கதவைத் திறந்து கட்டிவிட்டு, உள்ளே வந்துவிடுங்கள். மாலையில் பெரும்பாலும் பெட்டிக்குத் திரும்பும். சில வாரம் உணவும் பெட்டியும் அங்கேயே இருக்கட்டும். ஒருநாள் பெட்டி காலியாக இருக்கும்.

அடுத்த ஆண்டு கூலரைத் திறக்கும் முன், பக்கத் தட்டியில் காதை வைத்து மெல்லிய கீச்சொலி கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் சில வாரம் பொறுத்துக் கழுவுங்கள். கூடு விழுந்தேவிட்டால், குட்டிகளை அதே நாரோடு ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, அடியில் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் ஒன்றைக் கொடுத்து, கூலருக்கு அருகிலேயே பூனைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பொழுது சாயும்வரை உள்ளேயே இருங்கள். தாய் ஒவ்வொன்றாகக் கொண்டுபோவதை நான் இருமுறை திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன்.

மீண்டும் மயூர் விகாரிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. மீட்பு அமைப்பினரிடம் தொலைபேசியில் பேசினேன், காலும் பல்லும் சரியாக இருப்பதைக் காணொளியில் பார்த்த பிறகு, நான்காம் பதிலில் உள்ளபடியே செய்யச் சொன்னார்கள், மாற்றம் ஏதும் தெரிந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். கூண்டு நேற்று வந்தது. மாமனாரிடமும் சொல்லிவிட்டேன். ஐந்து கோடா என்று வியந்து, படம் அனுப்பச் சொன்னார்.

மகள் நேற்றிரவு சாப்பிடவில்லை. இந்தப் பக்கத்தை முழுவதும் அவளையே படிக்கச் சொன்னேன். ஜனக்புரிக்காரர் எழுதியதை இரண்டு முறை படித்தாள். இன்று காலை அவளே வேப்பங்கிளை ஒடித்து வந்து என் கையில் கொடுத்து, நீயே உள்ளே வை அம்மா என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். கதவைத் திறக்கும் நாளில் மறுபடி எழுதுகிறேன்.